பாடம் 9: சந்தா இல்லாக் காவல்

நுழையும்முன்

பூட்டிய வீட்டுக்குக் காவல் வேண்டும். முன்பு அண்டை வீட்டார் பார்த்துக்கொண்டனர். இன்று கேமராவும் பார்க்கிறது. அது கண்ட காட்சி யாரிடம் தங்குகிறது, எத்தனை நாள் தங்குகிறது என்பதை இப்பாடத்தில் காண்போம்.

மாணவர்களே! உங்களுள் பலருக்கு இரண்டு வீடுகள் உண்டு. ஒன்று, பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் முகவரியாக எழுதப்பட்ட வீடு. அஃது இரயில்வே குடியிருப்பாகவோ, படைத்துறைக் குடியிருப்பாகவோ, வாடகை வீடாகவோ இருக்கலாம். மற்றொன்று, கோடை விடுமுறையில் மட்டும் பூட்டுத் திறக்கப்படும் ஊர் வீடு. சிலருடைய ஊர் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ தனியே வாழ்கின்றனர். அந்த வீட்டை இங்கிருந்தே திறன்பேசியில் பார்த்துக்கொள்ளும் பெற்றோரை நீங்கள் கண்டிருப்பீர்கள்.

நானும் அவர்களுள் ஒருவர். நான் பணிபுரிவது ஜபல்பூரில். என் தாயார் வாழ்வது அம்பாசமுத்திரத்தை அடுத்த ஒரு சிற்றூரில். இடையே இரண்டு நாள் பயணம். சில ஆண்டுகளுக்கு முன், பண்டிகைத் தள்ளுபடியில் இரண்டு கேமராக்களை வாங்கினேன். விடுமுறையில் ஊருக்குச் சென்றபோது கூடத்தில் ஒன்றும் கொல்லைப்புறத்தில் ஒன்றுமாகப் பொருத்திவிட்டுத் திரும்பினேன். விலை குறைவு, படம் தெளிவு. பெட்டியின் மேல் 'முதல் 30 நாள் இலவசம்' என்று அச்சிட்டிருந்தனர். அதைப் படித்து மகிழ்ந்த நான், முப்பத்தொன்றாம் நாள் என்ன நிகழும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

நாற்பத்திரண்டாம் நாள் இரவு, கொல்லையிலுள்ள கிணற்று மோட்டாரின் ஒயரை யாரோ வெட்டி எடுத்துச் சென்றுவிட்டனர். உள்ளிருக்கும் செம்புக் கம்பிக்காக இவ்வாறு திருடுவது எங்கள் பக்கத்தில் புதிதன்று. காலையில் தாயார் தொலைபேசியில் சொன்னவுடன் செயலியைத் திறந்தேன். கொல்லை தெரிந்தது, கிணற்றடியில் கோழிகள் மேய்வது தெரிந்தது. முந்தைய இரவு மட்டும் தெரியவில்லை. 'பதிவுகளைக் காணச் சந்தா செலுத்துக' என்றது திரை. உடனே செலுத்தினேன். செலுத்திய நொடியிலிருந்து பதிவு தொடங்கியது. கடந்துபோன பன்னிரண்டு இரவுகளும் எங்கும் பதியப்படவே இல்லை. காவல் நிலையத்தில், "வீட்டில் கேமரா இருக்கிறதே, படம் எங்கே?" என்று கேட்டனராம். அதற்கு விடை சொல்லத் தெரியாமல் தாயார் திரும்பி வந்தார்.

'சந்தா' என்னும் சொல்லைச் சற்றே கவனியுங்கள். வட மாநிலங்களில் வாழும் உங்களுக்கு அச்சொல்லைக் கேட்டவுடன், துர்க்கை பூசைக்கோ விநாயகர் விழாவுக்கோ இளைஞர்கள் ரசீதுப் புத்தகத்துடன் வந்து திரட்டும் நன்கொடை நினைவுக்கு வரும். தமிழில் அது பெரும்பாலும் இதழ்களுக்கு முன்கூட்டிச் செலுத்தும் தொகையைக் குறிக்கும். 'ஆண்டுச் சந்தா' என்போம். பாரசீக மூலமுடைய ஒரே சொல், இரு மொழிகளில் இருவேறு பொருளில் வழங்குகிறது. என் தந்தையார் 'கலைமகள்' இதழுக்குச் சந்தா செலுத்தியவர். அவர் மறைந்து, சந்தாவும் நின்று, பல ஆண்டுகள் ஆயின. இதழ்கள் இன்றும் பரணில் இருக்கின்றன. எலி கடித்தவை போக எஞ்சியவற்றை எடுத்துப் படிக்கலாம். கேமராச் சந்தா அத்தகையது அன்று. பணம் செலுத்துவது நின்றால் புதிய பதிவு நிற்கும்; பழைய பதிவுகளும் பெரும்பாலும் அழிக்கப்படும். ஐந்தாண்டு செலுத்தியவருக்கும் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை.

தொகையையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு கேமராவுக்கு மாதம் 100 ரூபாய் என்று கொள்வோம். ஐந்தாண்டுக்கு 6,000 ரூபாய். மூன்று கேமராக்களுக்கு 18,000 ரூபாய். கேமராக்களின் விலையை இது பன்மடங்கு விஞ்சிவிடும்.

ஆகவே, கேமரா வாங்கச் செல்பவர் கேட்க வேண்டிய முதல் வினா 'விலை என்ன?' என்பதன்று, 'படம் எங்கே தங்கும்?' என்பதே.

படம் தங்கக்கூடிய இடங்கள் மூன்று. கேமராவுக்குள்ளேயே செருகப்படும் நகக்கண் அளவுள்ள மெமரி கார்டு முதலாவது. வீட்டுக்குள் வைக்கப்படும் பதிவுப்பெட்டி இரண்டாவது. கேமராக்களிலிருந்து வரும் படத்தை அதிலுள்ள ஹார்டு டிஸ்க் சேமித்துக்கொள்ளும். கேமராவையும் பெட்டியையும் பழைய வகைக் கோஆக்சியல் கம்பியால் இணைத்தால் அதனை டிவிஆர் என்பர். கணினி வலைக் கம்பியாலோ வைஃபையாலோ இணைத்தால் என்விஆர் என்பர். மூன்றாவது இடம் 'கிளவுட்'. அச்சொல்லுக்கு மேகம் என்பது பொருள். ஆயின் அங்கே மேகமும் இல்லை, வானமும் இல்லை. எங்கோ ஓர் ஊரில் ஒரு நிறுவனம் நடத்தும் கணினிக் கூடமே அது. அக்கூடத்தில் உங்கள் வீட்டுப் படத்துக்குத் தரும் வாடகைதான் சந்தா. முதல் இரண்டு இடங்களும் நம் வீட்டுச் சுவர்களுக்குள் இருப்பவை. அவற்றுக்கு வாடகை இல்லை.

மெமரி கார்டில் எத்தனை நாள் படம் கொள்ளும்? இதனைக் கடைக்காரரிடம் கேட்க வேண்டியதில்லை, நீங்களே கணக்கிடலாம். ஒரு கேமரா நொடிக்கு 1 மெகாபிட் அளவில் பதிவதாகக் கொள்க. ஒரு நாளில் 86,400 நொடிகள். ஆகவே 86,400 மெகாபிட். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எட்டால் வகுத்தால் 10,800 மெகாபைட், அதாவது 10.8 ஜிகாபைட். 128 ஜிகாபைட் கார்டை 10.8ஆல் வகுத்தால் ஏறத்தாழப் 12 நாள். நொடிக்கு 2 மெகாபிட் அளவில் தெளிவாகப் பதிந்தால் 6 நாள்தான். கார்டு நிரம்பியதும் பதிவு நின்றுவிடாது. மிகப் பழைய நாளை அழித்து அதன் மேல் புதிய நாளை எழுதும். இதுவும் ஒரு சுழற்சியே. இரண்டு வாரம் கழித்துத்தான் ஊருக்குப் போவோம், அப்போதுதான் களவு போனதே தெரியும் என்னும் குடும்பத்துக்கு ஆறு நாள் போதாது. அவர்கள் பெரிய கார்டை வாங்கலாம், அல்லது எச்.265 என்னும் சுருக்கமுறை உள்ள கேமராவைத் தேடலாம். பழைய எச்.264 முறையைக் காட்டிலும் அது ஏறத்தாழப் பாதி இடத்தில் அதே தெளிவைத் தரவல்லது.

அசைவு நேரும்போது மட்டும் பதியுமாறு அமைத்தால் இன்னும் பல நாள் கொள்ளும். ஆனால் எங்கள் கொல்லையில் ஒரு முருங்கை மரம் இருக்கிறது. ஆடி மாதக் காற்றில் அது அசையும்தோறும் கேமரா விழித்துக்கொண்டது. ஒரே நாளில் நூற்றுக்கும் மேற்பட்ட அறிவிப்புகள் என் திறன்பேசிக்கு வந்தன. மரத்தின் பகுதியை விட்டுவிட்டு, வாயிலையும் மோட்டாரையும் மட்டும் கவனிக்குமாறு திரையில் எல்லை வரைந்த பிறகே தொல்லை தீர்ந்தது. இவ்வாறு எல்லை வரையும் வசதி இலவசமாக உள்ளதா என்பதையும் பார்த்தே வாங்க வேண்டும்.

கார்டிலும் ஒரு பொருத்தம் பார்க்க வேண்டும். ஒளிப்படம் எடுப்பதற்கான சாதாரணக் கார்டு, இரவும் பகலும் அழித்தழித்து எழுதும் வேலைக்கு நெடுநாள் தாங்காது. 'ஹை எண்டியூரன்ஸ்' என்று அச்சிடப்பட்ட கார்டுகள் இவ்வேலைக்கென்றே செய்யப்படுபவை. அதுவும் தேயும், திங்களுக்கொரு முறையாவது பழைய நாள் ஒன்றை ஓட்டிப் பார்ப்பது நன்று.

வீட்டிலேயே படம் தங்குவதில் ஒரு குறையும் உண்டு. திருடன் கேமராவைப் பிடுங்கிக்கொண்டு போனால் கார்டும் உடன் போகும். கிளவுடில் சேமித்திருந்தால் அவன் வந்த காட்சியாவது எஞ்சியிருக்கும். சந்தா கேட்பவர்கள் சொல்லும் காரணங்களுள் இஃது ஒன்றே எனக்கு ஏற்புடையது. இக்குறைக்கு மாற்றுவழி பதிவுப்பெட்டி. கேமரா வாசலில் இருக்கும். படமோ உள்ளறையில், பரணில், அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கும். 1 டெராபைட் ஹார்டு டிஸ்க், நொடிக்கு 2 மெகாபிட் பதியும் நான்கு கேமராக்களுக்கு ஏறத்தாழ 11 நாள் போதும். பெட்டியும் கேமராவும் ஒரே நிறுவனத்துடையனவாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2008ஆம் ஆண்டில் ஆக்சிஸ், போஷ், சோனி ஆகிய நிறுவனங்கள் சேர்ந்து 'ஆன்விஃப்' என்னும் பொதுத் தரத்தைத் தொடங்கின. அப்பெயர் கேமராவின் விவரத்தாளில் இருந்தால், வேறு நிறுவனத்தின் பெட்டியோடும் அது பேசும். வாங்கிய நிறுவனம் நாளை கடையை மூடினாலும் கேமரா பயன்படும்.

நிறுவனம் மூடுமா என்று கேட்பீர்கள். அமெரிக்காவில் 'டிராப்கேம்' என்றொரு கேமரா விற்கப்பட்டது. 2014இல் அந்நிறுவனம் கூகுள் குழுமத்தின் வசமாயிற்று. 2024 ஏப்ரல் 8 அன்று அக்கேமராக்களுக்கான சேவை நிறுத்தப்பட்டது. படம் முழுவதும் நிறுவனத்தின் கணினிகளை நம்பியே இருந்ததால், பழுதில்லாக் கேமராக்களும் அன்றோடு பயனற்றுப் போயின. ஆதலால் 'சந்தா இல்லை' என்பதோடு நின்றுவிடாமல், 'நிறுவனம் இல்லையென்றாலும் இயங்குமா?' என்றும் கேட்க வேண்டும்.

இதனை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. கேமராவை வாங்கியதும், திருப்பித் தருவதற்கான நாள் முடியும் முன்பே இதைச் செய்துவிடுங்கள். இலவசக் கால அழைப்பு வரும்போது 'வேண்டாம்' என்று அழுத்துங்கள். கார்டைச் செருகுங்கள். பிறகு ரவுட்டருக்கு வரும் இணையக் கம்பியைக் கழற்றிவிட்டு, கேமராவின் முன் இரண்டு முறை நடங்கள். அரை மணி நேரம் கழித்துக் கம்பியைச் செருகிச் செயலியைத் திறந்து பாருங்கள். நீங்கள் நடந்த காட்சி கார்டிலிருந்து வந்தால், அது நீங்கள் தேடிய கேமரா. வராவிட்டால் பெட்டியில் இட்டுத் திருப்பி அனுப்புங்கள். எந்த நிறுவனம் நல்லது என்று நான் எழுதவில்லை. பாடநூல் விளம்பரப் பலகை அன்று. இச்சோதனை எந்த நிறுவனத்துக்கும் பொருந்தும்.

மின்சாரம் போனால் கேமராவும் போகும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? ரவுட்டருக்கும் கேமராவுக்கும் சிறு யூபிஎஸ் ஒன்று வைக்க வேண்டும்.

கடவுச்சொல் செய்தி சிறிது விரிவானது. 2016ஆம் ஆண்டில் 'மிராய்' என்னும் தீநிரல் உலகெங்கும் பரவியது. அஃது அரிய தந்திரம் எதையும் கையாளவில்லை. தொழிற்சாலையில் இட்ட 'அட்மின்', '12345' போன்ற அறுபதுக்கும் மேற்பட்ட பெயர்-கடவுச்சொல் இணைகளை ஒவ்வொன்றாக இட்டுப் பார்த்தது, அவ்வளவே. உரிமையாளர்கள் மாற்றாக் கடவுச்சொற்களே அதற்குத் திறந்த கதவாயின. கேமராக்களும் ரவுட்டர்களும் பெருந்தொகையாக அதன் வசப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அவற்றை ஏவி 'டைன்' என்னும் நிறுவனத்தைத் தாக்கியபோது, டுவிட்டர் உள்ளிட்ட பல தளங்கள் அமெரிக்காவில் மணிக்கணக்கில் முடங்கின. வீட்டைக் காக்க வைத்த கேமரா, வீட்டாருக்குத் தெரியாமலே ஒரு படையில் சேர்ந்துவிட்டது! நம் நாட்டிலும், மத்திய அரசின் விதிப்படி 2025 ஏப்ரல் முதல், கண்காணிப்புக் கேமராக்கள் இணையப் பாதுகாப்புச் சோதனையில் தேறிய பின்னரே விற்பனைக்கு வர வேண்டும். சோதனையில் தேறிய கேமராவுக்கும் எளிய கடவுச்சொல்லை இட்டு வைத்தால் பயனில்லை.

இனி என் தாயாரிடம் வருகிறேன். ஒயர் களவுபோன பின்னர்க் கொல்லைக் கேமராவை மாற்ற முனைந்தபோதுதான் கூடத்துக் கேமராவின் கதை தெரியவந்தது. நாள்தோறும் காலை ஒன்பது மணி முதல் பத்து மணி வரை அதில் படம் வெளுத்த பரப்பாகவே தெரியும். பழுது என்றே எண்ணியிருந்தேன். ஊருக்குச் சென்றபோது பார்த்தேன். தாயார் குளிக்கப் போகும்முன் கேமராவின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டுச் சென்றார். ஏன் என்று கேட்டேன். "நான் தலை துவட்டுறதையெல்லாம் நீ அங்கன இருந்து பாக்கணுமாக்கும்?" என்றார். கேமராவைப் பொருத்திய நாளில் நான் அவரிடம் இடம் கேட்கவே இல்லை. மின்செருகி எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டிருந்தேன்.

2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை வகுப்பில் நடத்திய ஆசிரியர்தான் தம் தாயாரின் கூடத்தில் கேட்காமல் கேமராவை மாட்டியவர். அதுவும் எத்தகைய கேமரா? அவர் தலை துவட்டும் காட்சி, முதல் முப்பது நாளும், பெயரறியா ஊரொன்றின் கணினிக் கூடத்தில் போய்த் தங்கியிருக்கிறது. ஒயர் போனதைவிட இதுவே என்னை மிகுதியாக வருத்தியது.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு கேமராக்கள் உள்ளன. ஒன்று வாசலைப் பார்க்கிறது. எதிர்வீட்டுத் திண்ணை தெரியும் பகுதியைக் கறுப்புக் கட்டமிட்டு மறைத்திருக்கிறேன். மற்றொன்று கிணற்றடியைப் பார்க்கிறது. பதிவுப்பெட்டி பரணில், கலைமகள் இதழ்களுக்கு அருகில் இருக்கிறது. பெட்டியின் கடவுச்சொல் தாயாருக்கும் தெரியும்; அவர் அதைப் பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார். கூடத்தில் கேமரா இல்லை. அவர் நலமாக இருக்கிறாரா என்பதை மாலை ஏழு மணிக்குத் தொலைபேசியில் கேட்டு அறிகிறேன்.

சொற்பொருள்

ஐயுறுதல் – சந்தேகப்படுதல்
தீநிரல் – கணினிக்குத் தீங்கு விளைவிக்க எழுதப்பட்ட நிரல்
பரண் – கூரையின் கீழ்ப் பொருள்களை வைக்க அமைந்த தட்டு
விஞ்சுதல் – மிகுதல்
கொல்லை – வீட்டின் பின்புறம்

இலக்கணக் குறிப்பு

'இல்லாத காவல்' என்பது எதிர்மறைப் பெயரெச்சத் தொடர். இதில் 'த' என்னும் ஈறு கெட்டு, 'இல்லாக் காவல்' என்று வரும்போது அஃது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஆகும். ஈறு கெடாதபோது வல்லினம் மிகாது. ஈறு கெட்டால் மிகும். பாடத்தில் 'பழுதில்லாக் கேமரா', 'மாற்றாக் கடவுச்சொல்' என வந்துள்ளவற்றைக் காண்க. பின்வருவனவற்றை ஈறு கெடுத்து எழுதுக: மூடாத கதவு, தேயாத கார்டு, கேளாத செவி, அழியாத பதிவு. நான்கனுள் எதிலேனும் பின்வரும் சொல் வல்லினத்தில் தொடங்கினும் ஒற்று மிகாமல் வருமா? எது? உங்கள் விடையை ஆசிரியரிடம் காட்டிக் காரணம் கேட்டறிக. (குறிப்பு: மிகாதது எதுவும் இல்லை என்று நீங்கள் கருதினால், அதற்கான விதியை எழுதிக் காட்டுக. அப்படிக் காட்டுபவரே சரியாகப் படித்தவர்.)

மதிப்பீடு

1. காவல் நிலையத்தில் கேட்ட வினாவுக்குத் தாயாரால் ஏன் விடை கூற இயலவில்லை?
2. இதழ்ச் சந்தாவும் கேமராச் சந்தாவும் எவ்வகையில் வேறுபடுகின்றன? உங்கள் வீட்டில் செலுத்தப்படும் வேறொரு சந்தாவை எடுத்துக்கொண்டு, அது நின்றால் கையில் என்ன மிஞ்சும் என்று எழுதுக.
3. கிளவுடில் படத்தைச் சேமிப்பதற்கு ஆதரவாக ஆசிரியர் ஏற்றுக்கொள்ளும் ஒரே காரணம் யாது? நீங்கள் வேறு காரணம் கூற இயலுமா?
4. நொடிக்கு 2 மெகாபிட் பதியும் மூன்று கேமராக்கள் உள்ளன. 1 டெராபைட் (1,000 ஜிகாபைட்) ஹார்டு டிஸ்கில் எத்தனை நாள் படம் கொள்ளும்?
5. உங்கள் ஊர் வீட்டின் படத்தை வரைந்து, கேமரா வைக்கத்தக்க இரண்டு இடங்களைக் குறிக்கவும். பின்னர் அங்கு வாழும் தாத்தாவிடமோ பாட்டியிடமோ தொலைபேசியில் பேசி, எந்த இடத்தில் கேமரா கூடாது என்று அவர் கூறுவதை, அவர் பேசிய சொற்களிலேயே ஐந்து வரிகளில் எழுதுக.